அண்டார்டிகா கப்பல்: 100 பேர் போவதா, 450 பேர் போவதா?

நெய்தல்:
டிசம்பர் கடைசி வாரம் அர்ஜென்டினாவின் தென்கோடி ஊரான உஷுவாயாவிலிருந்து கிளம்பும் 10 நாள் பயணம். இரண்டு கப்பல் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்றில் 100 பேருக்குள், இன்னொன்றில் 450 பேர். பெரியது நல்ல மலிவு. பெங்குவின் குஞ்சுகளைப் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு 64 வயது, முட்டி வலி உண்டு. எதை எடுக்கலாம்?

ஆலா:
விலையை விட்டுவிட்டு, கரையில் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று கேளுங்கள். ஒரு இடத்தில் ஒரே சமயம் 100 பயணிகளுக்கு மேல் இறங்கக் கூடாது. 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பலிலிருந்து யாரும் இறங்கவே முடியாது. 450 பேர் என்றால் ஐந்து முறை. உங்கள் முறைக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால் அதிகம், மீதி நேரம் கப்பலில் காத்திருப்புதான். 100 பேருக்குள் என்றால் எல்லோரும் சேர்ந்தே இறங்கி இரண்டு, மூன்று மணி நேரம் நிற்கலாம். 10 நாளில், தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே உள்ள டிரேக் நீரிணையைக் கடக்கவே போக இரண்டு, வர இரண்டு நாள் போய்விடும். கப்பல் ஏறும் நாளையும் இறங்கும் நாளையும் கழித்தால் மிஞ்சுவது நான்கைந்து நாள். அதில் காற்று அடித்து ஒன்றிரண்டு இறக்கம் ரத்தாவது சாதாரணம். அதனால் சிறியதுதான் என் ஓட்டு.

தேதியையும் மாற்றப் பாருங்கள். டிசம்பர் கடைசியில் ஜென்டூ பெங்குவின்கள் பெரும்பாலும் முட்டை மேல்தான் இருக்கும், சில கூடுகளில் அப்போதுதான் பொரித்திருக்கும். குஞ்சுகள்தான் முக்கியம் என்றால் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை. திமிங்கிலத்துக்கு பிப்ரவரி, மார்ச்.

கொண்டல்:
அம்மா விஷயம். சோடியாக் ரப்பர் படகு மூக்கால் கரையை முட்டி நிற்கும். விளிம்புக் குழாயில் உட்கார்ந்தபடியே முன்னால் நகர்ந்து, இரண்டு காலையும் சேர்த்து வெளிப்பக்கம் திருப்பி, கணுக்கால் தண்ணீரில் இறங்க வேண்டும். கை கொடுப்பவரின் விரலைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஈரக் கையுறை வழுக்கும், மணிக்கட்டுப் பிடி நழுவாது.

பலர் கேட்காமல் விடுவது ஒன்று: பறவைக் காய்ச்சல் காரணமாக இப்போது கரையில் உட்காரவோ, மண்டியிடவோ, பையைத் தரையில் வைக்கவோ விடுவதில்லை. முட்டி வலி உள்ளவருக்கு மூன்று மணி நேரம் நிற்பதே பாடு. மடக்குக் கைத்தடி எடுத்துப் போங்கள். முடியாதபோது அடுத்த படகிலேயே கப்பலுக்குத் திரும்பலாம், அல்லது படகிலேயே பனிப்பாறைகளைச் சுற்றி வரும் உலாவைக் கேட்கலாம். பாரடைஸ் துறைமுகம் போன்ற இடத்தில் அதுவே இறங்குவதைவிட அழகு.

டிரேக்குக்கு: கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை எடுங்கள், ஆட்டம் அங்கே குறைவு. கடல் குமட்டல் மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டால் வயிற்றில் தங்காது. கிளம்பும் முன்பே போட வேண்டும். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டை கண் அழுத்த நோய் உள்ளவர்களில் பலருக்கு ஆகாது, மருத்துவரைக் கேட்டே ஒட்டுங்கள். கதவு விளிம்பில் கை வைக்காதீர்கள். கப்பல் சாயும்போது கனத்த கதவு தானே அறைந்து விரலை நசுக்கிவிடும்.

நெய்தல்:
மிக்க நன்றி. ஜனவரி 18-க்கு மாற்றிக் கேட்கிறேன். உடைகள்?

ஆலா:
கடலோரத்தில் கோடையில் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும், காற்றுதான் குளிரைக் கூட்டும். உள்ளே மெரினோ கம்பளி, நடுவில் ஃபிளீஸ், வெளியே தண்ணீர் புகாத கால்சட்டை. ரப்பர் பூட்ஸ் பெரும்பாலும் கப்பலிலேயே தருவார்கள், முன்பே கேட்டு உறுதி செய்யுங்கள். கால்சட்டை பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகினால் அலை நேராக பூட்ஸுக்குள் இறங்கும்.

வெல்க்ரோ பட்டைகளையும் பாக்கெட் மூலைகளையும் வீட்டிலேயே ஊசியால் கிளறிச் சுத்தம் செய்யுங்கள். நம் ஊர்ப் புல் விதை ஒன்று அதில் ஒட்டிக்கொண்டு போய் அங்கே முளைத்துவிடக் கூடாது. கப்பலிலும் சோதிப்பார்கள்; பூட்ஸைக் கிருமிநாசினியில் முக்கித்தான் இறக்குவார்கள்.

கரையில் பெங்குவினிடமிருந்து குறைந்தது 5 மீட்டர், அது நடக்கும் தடத்தில் நின்றால் நாம்தான் விலக வேண்டும். இளகிய பனியில் கால் முட்டிவரை புதைந்தால் அந்தக் குழியை உடனே மூடுங்கள். பெங்குவின் அதில் விழுந்தால் ஏற முடியாது.