ரயில் வந்தபிறகும் பிரிஸ்டல் துறைமுகம் ஏன் தேய்ந்தது?

பாய்மரப்பிரியன்:
1497-ல் மாலுமி ஜான் கேபட் 'மேத்யூ' என்ற கப்பலில் அட்லாண்டிக்கைத் தாண்டக் கிளம்பியது பிரிஸ்டலிலிருந்துதான். 18-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் முன்னணித் துறைமுகங்களில் ஒன்று. 1841-ல் பொறியாளர் புரூனெல் போட்ட லண்டன் ரயில் பாதையும் முழுதாகத் திறந்துவிட்டது. அதற்கப்புறம் ஓஹோவென்று வளர்ந்திருக்க வேண்டாமா? எங்கே படித்தாலும் "லிவர்பூல் முந்திவிட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். யாராவது விளக்க முடியுமா?

சேற்றுக்கால்:
முதல் வில்லன் ஆறு. பிரிஸ்டல் கடலோரத்தில் இல்லை, ஏவன் ஆற்றில் சுமார் 10 கி.மீ. உள்ளே தள்ளி இருக்கிறது, அதுவும் வளைந்து வளைந்து வரும் ஆறு. ஆறு கடலில் சேரும் இடத்தில், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், கடல்மட்டம் 12 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். தண்ணீர் வற்றினால் கப்பல் சேற்றில் உட்கார்ந்துவிடும். 1809-ல் வில்லியம் ஜெசப் இதற்கு ஒரு வழி செய்தார்: ஆற்றுக்குப் புதுத் தடம் வெட்டி அந்தப் பக்கம் திருப்பிவிட்டு, பழைய தடத்தை மதகு போட்டு அடைத்து எப்போதும் தண்ணீர் நிற்கும் 'மிதக்கும் துறைமுகம்' ஆக்கினார். வேலை அருமை. ஆனால் போட்ட பணத்தை எடுக்க துறைமுகக் கம்பெனி வசூலித்த கட்டணம் கப்பல்காரர்களை விரட்டியது. 1848-ல் நகராட்சி எடுத்து நடத்த ஆரம்பித்தபோது ரொம்பத் தாமதம். லிவர்பூலில் 1715-லேயே தண்ணீர் தேக்கிய கப்பல் தளம் வந்துவிட்டது!

இன்னொரு கூத்து கிரேட் பிரிட்டன் கப்பல். புரூனெலின் இந்த இரும்புக் கப்பல் 1843 ஜூலையில் வெள்ளோட்டம் கண்டது, ஆனால் துறைமுக மதகை விட அது பெரிது. வீட்டுக்குள்ளேயே கட்டில் செய்துவிட்டு வாசலை அளந்து பார்த்த கதைதான். கடைசியில் மதகின் கல்லைப் பெயர்த்து 1844 டிசம்பரில் வெளியே கொண்டுவந்தார்கள், மறு வருடம் அது நியூயார்க்குக்கு முதல் பயணம் போனது லிவர்பூலிலிருந்து.

ஏழடிப்பாதை:
ஆறு சரி, ஆனால் ரயில் பங்கையும் சொல்லணும். 1830-ல் திறந்த லிவர்பூல் பாதை எங்கே போனது? மான்செஸ்டருக்கு, அதாவது பஞ்சு வேண்டும், துணி விற்க வேண்டும் என்று நின்ற ஆலைகளுக்கு. பிரிஸ்டல் பாதை போனது லண்டனுக்கு, அதுவே ஒரு பெரிய துறைமுகம். லண்டன்காரருக்கு பிரிஸ்டல் எதற்கு?

பர்மிங்ஹாம் சரக்காவது வந்திருக்கலாம். அங்கேயும் சிக்கல். பிரிஸ்டல் பக்கம் புரூனெலின் ஏழடி அகலத் தண்டவாளம், பர்மிங்ஹாம் பக்கம் 4 அடி 8½ அங்குலம், இரண்டும் சந்தித்த குளோஸ்டரில் ஒவ்வொரு மூட்டையையும் இறக்கி அடுத்த வண்டியில் ஏற்றணும். 1844-ல் ஆரம்பித்த இந்தத் தலைவலி 1854 வரை ஓடியது. புரூனெல் ரசிகன்தான் நான், இருந்தாலும் இதில் அவருக்கு மன்னிப்பு கிடையாது.

கரைமணல்:
நீங்கள் இரண்டு பேரும் 19-ம் நூற்றாண்டிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள், சரிவு அதற்கு முன்பே தொடங்கியாயிற்று. பிரிஸ்டலின் செல்வம் எதில் வந்தது? 1698 முதல் 1807 வரை அந்த ஊர்க் கப்பல்கள் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கொண்டுபோயின, திரும்பும்போது சர்க்கரையும் புகையிலையும். அந்தக் கேடுகெட்ட வியாபாரத்திலேயே 18-ம் நூற்றாண்டின் நடுவில் லிவர்பூல் முந்திவிட்டது. 1807-ல் தடை வந்தபோது லிவர்பூலுக்குப் பஞ்சு கைகொடுத்தது, பிரிஸ்டலுக்கு அப்படி ஒன்று இல்லை. 2020-ல் அடிமை வியாபாரி கோல்ஸ்டன் சிலையை உருட்டிப்போய்த் தள்ளியதும் ஜெசப் கட்டிய அதே தண்ணீரில்தான்.

பாய்மரப்பிரியன்:
அப்படியென்றால் துறைமுகம் செத்தேவிட்டதா?

சேற்றுக்கால்:
இல்லை, ஆற்று வாய்க்கு இடம் மாறிவிட்டது. 1865-ல் ஏவன்மவுத்துக்குப் போட்ட ரயில், நாட்டின் மற்ற பாதைகளோடு சேராமல் தனித்தீவாகக் கிடந்தது. 1877-ல் பிரிஸ்டலின் கிளிஃப்டன் பகுதிக்கு அடியில் சுரங்கம் வழியாக இணைத்தார்கள், அதே வருடம் அங்கே கப்பல் தளமும் திறந்தது. எதிர்க்கரையில் போர்ட்பரி தளம் 1977-ல். நகரத்துக்குள் இருந்த பழைய துறை 1975-ல் சரக்குக் கப்பல்களுக்கு மூடப்பட்டது. அந்த கிரேட் பிரிட்டனும் ஃபாக்லாந்து தீவுகளிலிருந்து இழுத்துவரப்பட்டு, 1970 ஜூலை 19 அன்று, வெள்ளோட்டம் கண்ட அதே தேதியில், தான் பிறந்த தளத்துக்குள்ளேயே போய் நின்றது. இந்த முறை வாசல் இடிக்கவில்லை.