சாயங்கால வெயில் காரில் பிள்ளைகள் முகத்தில் அடிக்கிறது, என்ன செய்யலாம்?

பம்மத்துக்காரி:
எங்கள் வீடு மார்த்தாண்டத்தில், அம்மா வீடு ஆரல்வாய்மொழியில். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்விட்டு நாலரைக்குத் திரும்பக் கிளம்பினால் நாகர்கோவில் வரைக்கும் ஒரே அழுகை. பெரியவனுக்கு மூன்று வயது, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருப்பான். "வெயிலை ஆஃப் பண்ணு" என்று கத்துகிறான். சின்னவளுக்கு எட்டு மாதம், இடப்பக்கம் பின்னோக்கி மாட்டிய சீட்டில் இருக்கிறாள். ஆன்லைனில் வாங்கிய ரப்பர் கப் வைத்த கறுப்பு வலை, தோவாளை தாண்டும் முன்னே கழன்று மடியில் விழுகிறது. இப்போதைக்குத் தோர்த்தை (துண்டை) கண்ணாடி இடுக்கில் செருகி ஏற்றிவிடுகிறேன். வீட்டுக்காரர் கறுப்பு பிலிம் ஒட்டலாம் என்கிறார். அடிக்கடி திருவனந்தபுரமும் போகிறவர்கள் நாங்கள், கேரள எல்லையில் களியக்காவிளை தாண்டினதும் போலீஸ் பிடித்தால் என்ன செய்ய? வண்டி வேகன் ஆர்.

வடசேரி டாக்சி:
தங்கச்சி, காசு செலவழிக்கும் முன்னே வெயில் எந்தப் பக்கம் என்று பாருங்க. ஆரலில் இருந்து நாகர்கோவில் வரைக்கும் ரோடு தென்மேற்கே பார்த்தாக்கும் வருது. சித்திரை, வைகாசியில் சூரியன் மேற்கில் கொஞ்சம் வடக்கே தள்ளி இறங்கும். அப்போ வெயில் வலப்பக்கக் கண்ணாடி வழியாத்தான் வரும், உங்க மகன் இருக்கிறது சரியா அங்கேதான். பார்வதிபுரம் தாண்டினா தக்கலை ரோடு வடமேற்கே திரும்பிடும், பிறகு கண்ணு கூசுறது ஓட்டுறவருக்கு. தை மாசம் கதை வேற. சூரியன் தெற்கே சாஞ்சிருக்கும், ஆரல் ரோட்டில் முன்னால் இருந்து வரும், தக்கலை ரோட்டில் இடப்பக்கம் அடிக்கும். அதனால் இப்போதைக்கு வலப்பக்கத்துக்கு ஒரு ஷேட் போதும். நடு சீட்டில் அவனுடைய சீட்டையும் பெல்ட்டையும் ஒழுங்கா மாட்ட முடிஞ்சா அவனை நடுவே வச்சு, நீங்க ஓரத்தில் இருங்க.

சின்னவளுக்கு ஆபத்து பின் கண்ணாடிதான். சாயங்காலம் மார்த்தாண்டத்தில் இருந்து நாகர்கோவிலுக்கு வாற அன்னைக்கு, பின்னால் பார்த்து இருக்கிற பிள்ளைக்கு நேரே முகத்தில் அடிக்கும்.

தோர்த்து வேண்டாம். ஓட்டுறவர் திரும்பிப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினீங்கன்னா ஆடிக் காற்றுக்கு அது முப்பந்தலில்தான் போய் விழும். ரப்பர் கப் வெயிலில் இளகும், கண்ணாடியில் தூசி இருந்தா இன்னும் சீக்கிரம் விடும். தலையணை உறை போடுற மாதிரி கதவுக்கு மேலிருந்து மாட்டுற வலை இருக்கு. கண்ணாடியை இறக்கினாலும் வெயில் மறையும், காற்றும் வரும். காந்தம் வச்சதும் கிடைக்குது, ஆனா கதவின் உள் விளிம்பு இரும்பா இருக்கணும்.

குழித்துறை கோர்ட்டு வாசல்:
பிலிம் விஷயம் நான் சொல்கிறேன். மோட்டார் வாகன விதி 100 படி, முன் பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் வெளிச்சம் உள்ளே வர வேண்டும். 2012-ல் சுப்ரீம் கோர்ட் பிலிம் ஒட்டுவதையே தடுத்தது. அப்புறம் விதியைத் திருத்தினார்கள், 2024-ல் கேரள ஹைகோர்ட் அளவுக்குள் இருந்தால் பிலிம் ஒட்டலாம் என்றது. அது அக்கரைக்கு. இக்கரையில் ரோட்டோரம் நின்று போலீஸ்காரருக்குத் தீர்ப்பை வாசித்துக் காட்ட யாருக்குப் பொறுமை? பல வண்டிகளின் கண்ணாடி கம்பெனியில் இருந்தே லேசான நிறத்தோடுதான் வருகிறது, அதன்மேல் இன்னொன்று ஒட்டினால் 50-க்குக் கீழே போய்விடும். திரைத்துணியும் வேண்டாம். 2021 ஜனவரியில் கேரளாவில் பிலிமோடு திரையையும் சேர்த்தே சோதித்தார்கள். கழற்றக்கூடிய வலை என்றால் களியக்காவிளை வரும் முன் சுருட்டி வைத்துவிடலாம்.

இரணியல் அக்கா:
மக்ளே, கண் கூச்சத்தை மட்டும் பார்க்காதே. முன் கண்ணாடி இரண்டு அடுக்கு, நடுவே பிளாஸ்டிக் இருப்பதால் புற ஊதாக் கதிரை அநேகமாக முழுசாகத் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடி அப்படியில்லை, புற ஊதாவில் ஒரு வகையான யூவி-ஏ கதிர் அது வழியாக வரும். வலை பாதியைத்தான் மறைக்கும், முழுக்கை பருத்திச் சட்டை போட்டு விடு. சின்னவள் சீட்டுக்கு மேல் துணியை மட்டும் மூடிப் போடாதே. உள்ளே காற்று நின்று சூடேறும், பிள்ளை முகமும் உனக்குத் தெரியாது. அம்மா வீட்டில் வண்டி வெயிலில் நின்றிருந்தால் பெல்ட் பக்கிளைத் தொட்டுப் பார்த்த பிறகு பிள்ளையை உட்கார வை, தொடையில் சுட்டுவிடும். கூலிங் கிளாஸ் வாங்கினால் புற ஊதாவைத் தடுக்கும் என்பதற்கு அடையாளமாக யூவி 400 என்று போட்டிருக்கிறதா பார். போட்டுக்கொள்வானா என்பது வேறு விஷயம், என் பேரன் ஜன்னல் வழியாக வீசி எறிந்தான்.

பம்மத்துக்காரி:
பிலிம் வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் குழித்துறை அண்ணன் எழுதியதையே காட்டிவிட்டேன். நடுவே அவன் சீட் உட்காரவில்லை, ஆடுகிறது. பிரிட்ஜில் இருந்த காந்தத்தை எடுத்துப் பின் கதவில் வைத்துப் பார்த்தேன் அண்ணே. மேலே ஒட்டுது, பக்கத்தில் பிளாஸ்டிக், ஒட்டவில்லை.

வடசேரி டாக்சி:
அப்போ உறை மாதிரி மாட்டுறதையே வாங்குங்க, பின் கதவை அளந்துட்டு ஆர்டர் பண்ணுங்க. கதவை அடைக்கும்போது துணி ரப்பர் பீடிங்கில் சுருண்டிருக்கா என்று பாருங்க, சாரல் நாளில் அது வழியா தண்ணி உள்ளே இறங்கும். மழைக்குக் கழற்றி வச்சிருங்க.