மின்சுற்றுப் பாடத்துக்கு எந்த இலவசக் கருவி?

கேள்வி:
எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். அடுத்தது மின்சுற்று. வகுப்பில் ஒரு புரொஜெக்டர், என் லேப்டாப், அவ்வளவுதான். இணையமும் அடிக்கடி போய்விடும். இலவசக் கருவிகள் என்று தேடினால் நீளநீளமாகப் பட்டியல்கள் வருகின்றன. வகுப்பில் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள், எதில் தொடங்கலாம்?

பதில் 1:
ஃபெட் (PhET) என்ற இலவச அறிவியல் சிமுலேஷன் தளம் ஒன்றே போதும். திரையிலேயே சோதனை செய்து பார்க்கலாம். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கியது. கொலராடோ போல்டர் பல்கலைக்கழகம் நடத்துகிறது. அதன் மின்சுற்று சிமுலேஷனை முன்கூட்டியே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். இணையம் இல்லாமலே பிரவுசரில் ஓடும்.

எடுத்தவுடன் ஓட்டிக் காட்டிவிடாதீர்கள். பலகையில் ஒரு பேட்டரி, ஒரு பல்பு வரையுங்கள். "பல்புக்கு முன்னால் மின்னோட்டம் அதிகமா, பின்னால் அதிகமா, இரண்டும் ஒன்றா?" என்று கேட்டு, ஒவ்வொருவரையும் நோட்டில் எழுத வையுங்கள். பல்பு கொஞ்சத்தைத் தின்றுவிடும் என்றுதான் நிறையப் பேர் எழுதுவார்கள். அப்புறம் திரையில் இரண்டு பக்கமும் அம்மீட்டர் வையுங்கள். ஒரே அளவு காட்டும்! அப்போது கிளம்பும் சத்தத்தை அடக்காதீர்கள். "அப்படியென்றால் பேட்டரி ஏன் தீர்ந்துபோகிறது?" என்று யாராவது கேட்டே தீருவார்கள். ஆற்றலைப் பற்றிப் பேச அதைவிட நல்ல தருணம் வாய்க்காது.

நிஜ வயரும் பல்பும் இருந்தால் அதையும் கையில் கொடுங்கள். திரையில் வயர் கழன்று விழுவதில்லை; நிஜத்தில் அதைக் கண்டுபிடிப்பதே ஒரு பாடம்.

பதில் 2:
நோட்டுக்குப் பதில் பிளிக்கர்ஸ் அட்டை தரலாம். மாணவர்கள் காகித அட்டையைத் திருப்பிப் பிடிப்பார்கள், உங்கள் போன் கேமரா விடைகளைப் படித்துக்கொள்ளும். ஒவ்வொரு அட்டையும் வேறு வடிவம் என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதும் பேச்சே இல்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. டவுன்லோட் செய்துவிட்டேன். பேட்டரியின் இரு முனைகளையும் வெறும் வயரால் இணைத்தால் தீப்பிடிப்பதுபோல் காட்டுகிறது. பிள்ளைகள் அதிலேயே நின்றுவிடுவார்களோ?

பதில் 1:
நிற்கட்டும். தடை குறைந்தால் மின்னோட்டம் எப்படி எகிறும் என்பது அங்கேதான் மனதில் பதியும். நிஜ பேட்டரியில் செய்யக் கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுங்கள். அடுத்ததாக, சிமுலேஷனின் கருவிப்பெட்டியில் இருக்கும் காசு, அழிப்பான், பென்சில் மூன்றையும் சுற்றில் இணைக்கலாம். எது கடத்தும் என்று முதலில் எழுத வையுங்கள். பென்சிலுக்கு வகுப்பு இரண்டாகப் பிரியும்.