கெக்குக்கு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்: லீஸா, சொந்தமா?

ஹாப்ஸ்கொடி (ஆஸ்டின், டெக்சாஸ்):
வீட்டில் காய்ச்சும் பியரை இனி பாட்டிலில் அடைக்காமல் கெக்கில் (கேஸ் அழுத்தத்தில் பியரை வைத்து ஊற்றும் உலோகப் பீப்பாய்) ஊற்றலாம் என்று இருக்கிறேன். 5 காலன் கார்னி வகைக் கெக் இரண்டு, கேஸ் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர் எல்லாம் தயார். பாக்கி சிலிண்டர்தான். வெல்டிங் கேஸ் கடையில் 20 பவுண்டு கேஸ் பிடிக்கும் சிலிண்டரை ஆண்டுக்கு 60 டாலர் லீஸுக்குத் தருகிறார்கள், கேஸ் காசு தனி. புது 5 பவுண்டு அலுமினிய சிலிண்டர் காலியாக 90 டாலர். மாதம் ஒரு கெக், சில மாதம் இரண்டு ஓடும். எது சரிப்படும்? சொந்த சிலிண்டரை நிரப்பித் தருவார்களா, மாற்றித்தான் தருவார்களா?

மால்ட்மேடை:
எவ்வளவு கேஸ் செலவாகும் என்று முதலில் பாருங்கள், பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும். 5 காலன் என்பது ஏறக்குறைய 19 லிட்டர். நொதித்து முடிந்த பியரில் ஏற்கெனவே 0.85 வால்யூம் (பியரின் கொள்ளளவைப் போல் 0.85 மடங்கு) கேஸ் கரைந்திருக்கும். அதை 2.5 வால்யூமுக்கு ஏற்ற 60 கிராம் சொச்சம். 12 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அழுத்தத்தில் ஊற்றி கெக்கைக் காலி செய்ய இன்னொரு 65, 70 கிராம். கெக் நிறைய சானிடைசர் ஊற்றி, அதை கேஸால் தள்ளிக் காற்றை வெளியேற்றுகிறவர் என்றால் மேலும் 45. ஆக, கெக்குக்கு 175 கிராம். 5 பவுண்டு என்றால் 2,270 கிராம். கணக்குப்படி 12 கெக்குக்கு மேல் வரும், கசிவு போக 8 முதல் 10 என்று வையுங்கள்.

இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு அமெரிக்க மத்திய சட்டம் அனுமதிக்கும் உச்சமே ஆண்டுக்கு 200 காலன், அதாவது 40 கெக். அவ்வளவு காய்ச்சினாலும் 7 கிலோ கேஸ்தான், ஒரு 20 பவுண்டு சிலிண்டரே போதும், மிச்சமும் இருக்கும். உங்கள் அளவுக்கு ஆண்டில் இரண்டு தடவை 5 பவுண்டு போதும். இதற்கு வருஷா வருஷம் 60 டாலர் அழுவது வீண். இரண்டாம் ஆண்டிலேயே சிலிண்டர் விலையைத் தாண்டிவிடும். வாங்கிவிடுங்கள்.

நுரைவளையம்:
வாங்குவதுதான் சரி, ஆனா கடைக்குப் போன் பண்ணாம வாங்காதீங்க. சில கடைல கண் முன்னாடியே எடை போட்டு நிரப்புவாங்க. பல கடைல மாற்று மட்டும்தான், உங்க பளபள அலுமினியத்தை வாங்கிட்டு அடிபட்ட இரும்பு சிலிண்டர் ஒண்ணு தருவாங்க. உங்க ஊர்ல மாற்று மட்டும்னா புதுசுக்குக் காசைப் போடாதீங்க, பழசே போதும்.

பழசு வாங்கும்போது ரெண்டு விஷயம். ஒண்ணு, சிலிண்டர் தோள்பட்டைல பொறிச்சிருக்கிற ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணி அழுத்தத்தைத் தாங்குதான்னு பாக்கிற சோதனை) மாசம், வருஷம். 5 வருஷம் தாண்டியிருந்தா திரும்ப டெஸ்ட் பண்ணாம யாரும் நிரப்பக் கூடாது. மாற்றுக் கடைல அந்தச் செலவு பெரும்பாலும் கடைக்காரர் தலைல போகும், அதனால தேதி நெருங்கின சிலிண்டரை அங்கதான் தள்ளணும். ரெண்டாவது, கழுத்து வளையம். வால்வுக்குக் கீழ ஏதாவது கேஸ் கம்பெனி பேர் பொறிச்சிருந்தா அது அவங்க சொத்து, லீஸுக்குப் போன சிலிண்டர். விக்கிறவர் என்ன சொன்னாலும் தொடாதீங்க. வேற கடை நிரப்பாது, அந்தக் கம்பெனியே பிடிச்சு வெச்சுக்கலாம்.

99 வருஷ லீஸ்னு ஒண்ணு சொல்வாங்க. ஒரே தடவை பணம்தான், ஆனா அந்தக் காகிதம் தொலைஞ்சாலோ, அந்தக் கம்பெனி கிளை இல்லாத ஊருக்கு மாறினாலோ கஷ்டம்.

ஹாப்ஸ்கொடி:
நன்றி, லீஸ் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. ஆனால் 5 பவுண்டு நிரப்பும் விலைக்கும் 20 பவுண்டுக்கும் சில டாலர்தான் வித்தியாசம். 20 பவுண்டாகவே வாங்கலாமா? வேறு என்ன கவனிக்க வேண்டும்?

மால்ட்மேடை:
வாங்கலாம், ஆனால் உயரம் 27 அங்குலம் வரை போகும், பெரும்பாலான கெஜரேட்டரில் (கெக் வைக்கும் ஃபிரிட்ஜ்) நிற்காது. வெளியே நிறுத்தி, பக்கச் சுவரில் துளையிட்டுக் குழாயை உள்ளே விடுங்கள். குளிரூட்டும் குழாய் எங்கே ஓடுகிறது என்று பார்க்காமல் துளைக்காதீர்கள். 20 பவுண்டு முழுதும் கசிந்தால் ஏறத்தாழ 4,900 லிட்டர் வாயு. சாத்திய சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து. காரில் கொண்டு வரும்போதும் கட்டி நிறுத்தி, ஜன்னலைத் திறந்து வையுங்கள். படுக்கவைத்துப் பயன்படுத்தினால் திரவம் ரெகுலேட்டருக்குள் போய்க் கெடுத்துவிடும்.

ரெகுலேட்டரில் சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டும் கேஜை நம்பி மீதி கேஸைக் கணக்கிடாதீர்கள். உள்ளே திரவம் இருக்கும் வரை, அறை வெப்பத்தில் 800 பிஎஸ்ஐக்கு மேல் அசையாமல் நிற்கும். திரவம் தீர்ந்ததும் சடசடவென்று இறங்கும். எடை போட்டு, தோளில் 'டிடபிள்யூ' (TW) என்று பொறித்த வெற்று எடையைக் கழிப்பதுதான் வழி.

நுரைவளையம்:
பெரிய சிலிண்டர் வாங்கினாலும் கசிவு இருந்தா ஒரே ராத்திரில காலி. சிலிண்டரும் ரெகுலேட்டரும் சேர்ற சிஜிஏ-320 இணைப்புல டெஃப்லான் டேப் சுத்தாதீங்க, அங்க அடைக்கிறது வாஷர்தான். ஃபைபர் வாஷரை ஒவ்வொரு மாற்றுக்கும் புதுசா போடுங்க. ரெகுலேட்டர் முனையிலேயே ரப்பர் சீல் இருந்தா கூட இன்னொரு வாஷர் போட்டாலும் கசியும். கெக் மூடியோட பெரிய ஓ-ரிங்குக்கு (ரப்பர் வளையம்) லூப்னு சொல்ற வழுக்குப் பசை தடவி, 30 பிஎஸ்ஐ கொடுத்து உட்கார வைங்க. அப்புறம் எல்லா இணைப்புலயும் சோப்புத் தண்ணி தெளிச்சுக் குமிழி வருதான்னு பாருங்க.

ராத்திரி சிலிண்டர் வால்வை மூடிட்டு காலைல கேஜ் பாக்கிற சோதனையும் நல்லது, ஆனா கெக்கைக் கழட்டிட்டு லைனை மட்டும் சோதிங்க. கேஸ் ஏறாத பியர் இணைப்புல இருந்தா அதுவே கேஸைக் குடிச்சு முள்ளை இறக்கிடும், இல்லாத கசிவைத் தேடிக்கிட்டு இருப்பீங்க.