தீவே கரைந்துபோனால் எல்லைக்கோடு எங்கே நிற்கும்?

வேம்பார்க்காரன்:

எங்கள் கரைக்கு நேரே மூன்று தீவுகள்: உப்புத்தண்ணி, புலுவினிசல்லி, நல்லதண்ணி. 1986-இல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது, தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரையிலான 21 தீவுகளையும் சுற்றிக் கோடு போட்டார்கள். சுமார் 560 சதுர கிலோமீட்டர். அந்தக் கோட்டுக்குள் மீன்பிடிக்கக் கூடாது.

அப்பா வரைபடம் பார்த்ததில்லை. கோயில் கோபுரத்தையும் ஒற்றைப் பனையையும் நேர்க்கோட்டில் வைத்து, இதுதான் பார், அதாவது கடலடிப் பவளப்பாறை, என்று நங்கூரம் போடுவார். போன பங்குனியில் ரோந்து வந்தவர்கள் அவரை எல்லை தாண்டியதாகப் பிடித்து, வலையை எடுத்துப் போனார்கள். பதினோரு நாள் கழித்து, எலி கடித்த வலை திரும்பி வந்தது.

என் கேள்வி அது பற்றியது அன்று. அந்த 21 தீவுகளில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. அதற்குக் காரணமாகப் பவளக்கல்லை வெட்டியதில் எங்களுக்கும் பங்கு உண்டு. எங்கள் வீட்டு அஸ்திவாரமே அந்தக் கல்தான். ஆனால் இப்போது கடலும் சூடாகிறது, மட்டமும் உயர்கிறது. நாற்பது ஆண்டுக்கு முந்தைய கோட்டுக்குள் பவளம் செத்துக்கொண்டிருந்தால், அந்தக் கோடு எதைக் காக்கிறது? ஊர்க் கமிட்டிக்காக மனு எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முத்துநகர் முக்குளிப்பு:

தம்பி, கோடு தண்ணீரைக் குளிர்விக்காது. 2016 கோடையில் நான் நீரில் இருந்தேன். மான்கொம்பு மாதிரிக் கிளைவிட்ட பவளமெல்லாம் தண்ணீர்ச் சூட்டில் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துக் கிடந்தது. வளைகுடாவில் உயிருள்ள பவளப் பரப்பு 38.9 விழுக்காட்டிலிருந்து 22.7-ஆகக் குறைந்தது. உருண்டைப் பவளங்கள் ஓரளவு தாங்கின.

ஆனால் கோட்டால் பயனே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். செத்த பவளத்தின் மேல் முதலில் பாசி ஏறும். கிளிமீனும் ஓரா மீனும் அந்தப் பாசியை மேய்ந்தால்தான் கல் வெளியே தெரியும். குஞ்சுப் பவளம் ஒட்ட இடம் கிடைக்கும். மீன் இல்லாத பார் மறுபடி எழுவது கடினம். வெப்பத்தைத் தடுக்க முடியாது, பிழைத்து எழுவதற்கு உதவலாம். ஆகவே எந்தப் பார் வெளுத்தும் மீண்டது, எந்தப் பாரின் குஞ்சுகள் நீரோட்டத்தில் அடுத்த பாருக்குப் போகின்றன என்று பார்த்து எல்லை போட வேண்டும். பழைய அழகை வைத்துப் போடுவது வீண்.

டவுன்ஸ்வில் தமிழன்:

நான் ஆஸ்திரேலியாவில், பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்கு (கிரேட் பேரியர் ரீஃப்) பக்கத்து நகரத்தில் இருக்கிறேன். இங்கே 2004-இல் மீன்பிடிக்கவே கூடாத பரப்பை 4.5 விழுக்காட்டிலிருந்து 33-ஆக உயர்த்தினார்கள். உலகமே பாராட்டியது. 2016-இல் மிக மோசமாக வெளுத்தது எது தெரியுமா? ஆள் நடமாட்டம் குறைந்த, தூய்மையான வடபகுதி.

பப்புவா நியூ கினியின் கிம்பே விரிகுடாவில் வேறு கணக்குப் போட்டார்கள். ஒவ்வொரு வகை வாழிடத்திலும் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கைக் காப்பது, அதுவும் தள்ளித் தள்ளி மூன்று இடங்களிலாவது. ஒன்று வெந்துபோனாலும் மற்றது விதை தரும். ஒரே வயலில் எல்லா விதைநெல்லையும் கொட்டாத விவசாயியின் கணக்குதான்.

பாம்பன் பாசிக்காரி:

எல்லாரும் படித்தவர்களாகப் பேசுகிறீர்கள். நான் மரிக்கொழுந்துப் பாசி என்ற கடற்பாசி எடுத்துப் பிள்ளைகளை வளர்த்தவள். எல்லையை மாற்றிப் போடலாம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. இதுவரை எங்கள் பக்கம் எந்த எல்லையாவது உள்ளே சுருங்கிப் பார்த்திருக்கிறீர்களா? எப்போது நகர்ந்தாலும் எங்கள் காலடிக்குத்தான் வரும். பூங்கா வந்ததும் தீவுக்குப் போகாதே என்றார்கள். கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை வளர்க்கச் சொன்னார்கள். அது தப்பிப்போய்க் குருசடைத் தீவில் பவளத்தின் மேல் போர்வையாகப் படர்ந்தது. திட்டம் போட்டவர்கள் யாரும் அதைப் பிடுங்க வந்து நிற்கவில்லை.

மாதம் பன்னிரண்டு நாள்தான் பாசி எடுப்பது என்று எங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். அதற்கு எந்த எல்லை மிதவையும் தேவைப்படவில்லை. மனுவில் கோட்டைப் பற்றி மட்டும் எழுதாதே தம்பி, நாள் கணக்கைப் பற்றியும் எழுது.

வேம்பார்க்காரன்:

அக்கா, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், எனக்கே தெரியாமல். பவளம் வெளுப்பது சித்திரை, வைகாசியில். விசைப்படகுக்கு 61 நாள் தடைக்காலமும் ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரைதான். தண்ணீர் சூடாகும் ஆண்டில் மட்டும், வெளுத்த பாரைச் சுற்றி நாட்டுப்படகும் சில வாரம் விலகி நிற்கலாம். அதற்கு ஈடாக, பவளமே இல்லாமல் வெறும் மணலாகிவிட்ட இடத்தை எங்களுக்குத் திறந்துவிட வேண்டும். எந்த இடம் எது என்று தீர்மானிக்கும் குழுவில் படகு ஓட்டுபவர்களும் பாசி எடுக்கும் பெண்களும் இருக்க வேண்டும். "எல்லை வெளியே விரிந்தால் உள்ளேயும் சுருங்க வேண்டும்" என்று முதல் பத்தியிலேயே எழுதப் போகிறேன்.

அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "மணல் எங்கே என்று அவர்களுக்கு யார் காட்டுவது?" என்றார். நாளை அதிகாலை அவருடன் படகில் போகிறேன். கோபுரமும் பனையும் நேராக நிற்கும் இடங்களைக் கைப்பேசியில் குறித்துவரப் போகிறேன்.

அக்கா, அந்தப் பன்னிரண்டு நாளை எப்படி எண்ணுகிறீர்கள்?

பாம்பன் பாசிக்காரி:

அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டித்தான். தண்ணீர் நன்றாக வற்றும் நாள்கள் அவை. போகும்போது தொப்பி போட்டுக்கொள், வெயில் முன்பு போல இல்லை.