ரோரி கேலஹரின் ஊர்களில்: அனுபவப் பகிர்வு

கார்க்_நர்ஸ்:
அயர்லாந்தின் கார்க் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். ஐரிஷ் ப்ளூஸ்-ராக் கிதார் கலைஞர் ரோரியின் அந்தப் பெயின்ட் உரிந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலக்ட்ரிக் கிதாரைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2024 அக்டோபரில் அது லண்டனில் ஏலம் போனபோது, எங்கள் இல்லத்தில் இருக்கும் ஒரு பெரியவரிடம் செய்தியைச் சொன்னேன். அவர் 60களில் ஒரு ஷோபேண்டில், அதாவது நடன அரங்குகளில் ஹிட் பாடல்களை வாசிக்கும் குழுவில், கிதார் வாசித்தவர். கிட்டத்தட்ட 9 லட்சம் பவுண்டு என்றதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னார்: 1963இல் ரோரி 100 பவுண்டுக்குத் தவணையில் அதை வாங்கிய க்ரௌலி இசைக்கருவிக் கடையின் கண்ணாடிக்கு முன்னால் அவரும் நின்றிருக்கிறார். வசதிக்கு ஏற்ற மாதிரி விலை குறைந்த ஒன்றை வாங்கிக்கொண்டார். இரவு முழுக்க நின்றுகொண்டே வாசிப்பு. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் நடன அரங்குகளை மூடிவிடுவார்கள் என்பதால், இங்கிலாந்தில் வேலைக்குப் போயிருந்த ஐரிஷ்காரர்களுக்கு வாசிக்கக் கப்பல் ஏறுவார்களாம். டிஸ்கோ வந்தது, வேலை போனது, கிதாரையும் விற்றுவிட்டார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு இடது கையை நீட்டி, விரல் நுனிகளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கம்பி அழுத்தி வரும் காய்ப்பு துளிகூட இல்லை, குழந்தையின் விரல் மாதிரி மெத்தென்று இருந்தது. “பார்த்தாயா, ஒன்றுமே மிச்சமில்லை” என்றார். என்ன பதில் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஈஸ்ட்ஹாம்_அண்ணர்:
தங்கச்சி, அந்தக் காலத்து ஆக்களின் கதை அப்படித்தான். நான் 80களின் கடைசியில் லண்டனில் ரோரியை நேரே பார்த்தவன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அதிக காலம் இல்லை, கூட வேலை செய்த ஐரிஷ் பெடியன் இழுத்துக்கொண்டு போனவன். கிதாரை வைத்துவிட்டு மனுசன் மாண்டலினைக் கையில் எடுத்தார். சனம் முழுக்கத் தரையில் காலால் அடிக்கத் தொடங்கியது. என் கையிலிருந்த பிளாஸ்டிக் கப்பில் பியர் துள்ளியது. முகம் வீங்கி, சுகமில்லாத ஆள் போலத்தான் தெரிந்தார், ஆனால் ஒரு பாட்டைக்கூடச் சும்மா வாசிக்கவில்லை. 1995இல் ஈரல் மாற்று சிகிச்சைக்குப் பிறகு தொற்று வந்து, 47 வயதில் போய்விட்டார் என்று கேட்டபோது அந்தக் கால் சத்தம்தான் காதில் வந்தது.

பெல்ஃபாஸ்ட்_வாசி:
ஷோபேண்ட் என்றாலே பாவம் என்கிற மாதிரி எழுதுகிறீர்கள், எனக்கு ஒப்பவில்லை. ரோரிக்கு மேடைப் பழக்கம் வந்ததே ஃபொன்டானா என்ற ஷோபேண்டில்தான். அந்த கிதாரை வாங்கத் தன் அம்மாவிடம் சொன்ன நியாயமும் அதை வைத்துத்தான்: இது இருந்தால் பின்னணிக்கு ரிதம் கிதார் வாசிக்க இன்னொரு ஆள் தேவையில்லை. அந்தப் பள்ளிக்கூடம் இல்லாமல் 1966இல் அவருடைய சொந்தக் குழுவான டேஸ்ட் பிறந்திருக்காது. இன்னொன்று, அதுதான் அயர்லாந்தின் முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அப்படிச் சொல்வார்கள், அவ்வளவுதான், யார் கணக்கெடுத்தார்கள்?

என் அனுபவம் சின்னது. 2025 ஜனவரியில் இங்கே பெல்ஃபாஸ்டில் அல்ஸ்டர் ஹால் என்ற இசை அரங்கின் வாசலில் ரோரிக்குச் சிலை திறந்தார்கள். அதற்கு அப்புறம் ஒருநாள் டாக்சியில் அந்தப் பக்கம் போனேன். ஓட்டுநர் மீட்டரை நிறுத்திவிட்டு வண்டியை ஓரம் கட்டினார். கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் மோதலில் குண்டு வெடித்த வருடங்களில் வெளியூர்க் குழுக்கள் இந்த நகரத்துக்கு வரப் பயந்தபோது ரோரி வந்தார் என்றார். வரிசையில் நின்ற யாரும் பக்கத்தில் இருப்பவனிடம் “நீ எந்தத் தெரு?” என்று கேட்கவில்லையாம்; தெருவைச் சொன்னால் எந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிடும். அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. ரோரியின் 1974 அயர்லாந்து சுற்றுப்பயணப் பதிவை அதற்கப்புறம் பலமுறை கேட்டுவிட்டேன். அந்தக் கூட்டத்தின் கத்தலில் அந்த ஓட்டுநரும் இருக்கிறாரா என்றுதான் தேடுகிறேன்.

ஆறுகம்பி:
கார்க்குக்குப் பக்கத்தில் பாலின்காலிக்கில் ரோரியின் கல்லறைக்குப் போயிருக்கிறேன். சூரியக் கதிர் மாதிரி கல், யாரோ கிதார் பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சொல்ல அவ்வளவுதான்.

கார்க்_நர்ஸ், அந்தப் பெரியவருக்கு உடனே ஒரு கிதார் ஏற்பாடு செய்யுங்கள். எலக்ட்ரிக்கும் வேண்டாம், இரும்புக் கம்பி அக்கூஸ்டிக்கும் வேண்டாம். நைலான் கம்பி போட்ட கிளாசிகல் கிதார், முக்கால் அளவு கிடைத்தால் இன்னும் நல்லது, தோள் வலிக்காது. கம்பிகள் கழுத்திலிருந்து ரொம்ப உயரமாக இல்லாமல் கடையிலேயே சரிசெய்து வாங்குங்கள், வயதான விரலுக்கு அதுதான் முக்கியம். ஸ்ருதியை அரை ஸ்வரம் இறக்கி வைத்தால் இன்னும் இலகு. முதலில் பத்து நிமிடம் போதும், வலித்தால் நிறுத்திவிட வேண்டும். கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் பிடி) பிடிக்க முடியாவிட்டால் இரண்டு கம்பியை மட்டும் அழுத்தட்டும், காது மறந்திருக்காது. காய்ப்பு சில வாரங்களில் தானாக வரும், யாருக்கும் வரும். குளித்த உடனே வாசிக்க விடாதீர்கள், தோல் ஊறியிருக்கும். முக்கியமாக, உறையில் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள். கட்டிலில் இருந்து கை எட்டும் இடத்தில் ஒரு ஸ்டாண்டில் நிறுத்தி வையுங்கள்.