பரோலோவை இப்போதே திறக்கலாமா, காத்திருக்கலாமா?

வணக்கம் நண்பர்களே, ஒயின் நன்றாகத் தெரிந்தவர்கள் கொஞ்சம் யோசனை சொல்லுங்கள். இத்தாலியின் பீட்மாண்ட் பகுதியில் ஆல்பா ஊர்ப்பக்கம் விளையும் நெபியோலோ திராட்சையில் செய்த பரோலோ ஒரு பாட்டில் கையில் இருக்கிறது, 2019 அறுவடை, அங்கே செர்ரலுங்கா என்ற ஊரில் விளைந்தது. அடுத்த மாதம் அண்ணன் வருகிறார், அவரோடு சேர்ந்து திறக்க ஆசை, ஆனால் சீக்கிரம் திறந்து வீணாக்கிவிடுவோமோ என்று கவலையாகவும் இருக்கிறது.

இந்தத் திராட்சையின் நிறத்தை நம்ப முடியாது. கிளாஸுக்குப் பின்னால் விரல் வைத்தால் தெரிகிற அளவுக்கு வெளிர் சிவப்பு, வாயில் வைத்தாலோ ஈறு இழுத்துப் பிடிக்கும், அவ்வளவு துவர்ப்பு, புளிப்பும் குறைவில்லை. பரோலோ என்றால் விற்பனைக்கு விடும் முன் குறைந்தது 38 மாதம் முதிர வைத்திருக்க வேண்டும், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில் என்பது அங்கே விதி. அதிலும் லா மோர்ரா என்ற ஊர்ப்பக்கத்து ஒயின் கொஞ்சம் மென்மை, செர்ரலுங்கா முரடு. ஆனால் ரோஜாவும் சாலை போடும் தாரும் கலந்த அந்த வாசனை இருக்கிறதே, அதற்காகவே எனக்கு இதன்மேல் தனிப் பிரியம்.

இளசான பரோலோ குடித்தவர்கள் சொல்லுங்கள், டிகாண்டரில், அதாவது ஒயினை ஊற்றிக் காற்றாட வைக்கும் குடுவையில், எத்தனை மணி நேரம் விட்டீர்கள்? காலையிலேயே கார்க்கை எடுத்துவிட்டு பாட்டிலிலேயே வைத்தால் போதுமா? சாப்பிட ஆட்டுக்கறி செய்யலாம் என்றிருக்கிறேன், காரம் துவர்ப்பைக் கூட்டிவிடும் என்பதால் மிளகாயைக் குறைத்து மிளகு மட்டும் போட்டால் சரிவருமா? அல்லது இதை இன்னும் சில வருடம் விட்டுவிட்டு, அதே திராட்சையில் சீக்கிரம் குடிக்கிற மாதிரி வரும் லாங்கே நெபியோலோ ஒன்று வாங்கிவிடட்டுமா?